உறைந்த ஸ்ட்ராபெரியில் சமையலும் கேக்கும்: குமரி மாவட்டச் சமையலறைகளுக்கான கேள்வி பதில்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பெரிய கடைகளின் ஃப்ரீசரில் உறைந்த ஸ்ட்ராபெரிப் பொட்டலம் கிடைக்கிறது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பிறந்தநாள் என்று கேக் செய்கிறவர்கள் ஆசையாக வாங்கி வருகிறார்கள். அதன் பிறகுதான் கேள்விகள் தொடங்குகின்றன: கேக் நடுவில் வேகவில்லை, ஜாம் இறுகவில்லை, பால் திரிந்துவிட்டது. இவற்றில் பாதிக்கு மேல் ஒரே காரணம்தான், பழம் உருகும்போது வெளியேறும் சாறு. அந்தச் சாறு எங்கே போக வேண்டும் என்பதை அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைப் பற்றியவைதாம்.

புதிய பழம் கிடைக்கும்போதும் உறைந்த பழத்தை வாங்கலாமா?

சமைப்பதற்கு என்றால் தாராளமாக வாங்கலாம். பல நேரங்களில் அதுவே மேல். இந்தியாவில் ஸ்ட்ராபெரியின் பெரும்பங்கு மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர், பஞ்ச்கனி மலைப்பகுதியில் விளைகிறது. நமக்குக் கொஞ்சம் அருகில் என்றால் நீலகிரி, கொடைக்கானல், மூணாறை அடுத்த வட்டவடை. குளிர்காலத்தில் தொடங்கும் பருவம் ஏப்ரல் வாக்கில் ஓய்ந்துவிடும்.

ஸ்ட்ராபெரி பறித்த பிறகு இனிப்பு ஏறாத பழம். வாழையைப் போல வைத்துப் பழுக்க வைக்க முடியாது. தென்முனை வரை அடிபடாமல் வந்து சேர வேண்டும் என்பதற்காக முற்றிலும் கனியும் முன்பே பறித்து அனுப்புவார்கள். அதனால்தான் இங்கே வாங்கும் புதிய பழம் பல நேரம் வெளியே சிவப்பாகவும் உள்ளே வெள்ளையாகவும் புளிப்பாகவும் இருக்கிறது. உறைய வைக்கும் பழத்துக்கு அந்த அவசரம் இல்லை. நன்றாகக் கனிந்ததைப் பறித்து, விளையும் இடத்துக்குப் பக்கத்திலேயே உறைய வைக்க முடியும். ஜாம், கேக், சாஸ் எல்லாவற்றுக்கும் கனிந்த பழம்தான் வேண்டும். வெட்டி அப்படியே தின்னவும், கேக்கின் மேல் அழகாக அடுக்கவும் மட்டும் புதியதே தேவை.

உருகியதும் பழம் ஏன் இப்படிக் குழைந்துபோகிறது?

ஸ்ட்ராபெரியில் ஏறத்தாழ 91 சதவீதம் தண்ணீர். அது பனிக்கட்டியாகும்போது படிகங்கள் பழத்தின் செல் சுவர்களைக் கிழிக்கின்றன. உருகும்போது அந்தக் கிழிசல்கள் வழியே சாறு வெளியேறிவிடும். வேகமாக உறைந்தால் படிகங்கள் சிறியவை, சேதமும் குறைவு. மெல்ல உறைந்தால் படிகங்கள் பெருத்து, பழம் முழுக்கக் குழையும். குளச்சலிலும் முட்டத்திலும் மீன் வாங்கிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. வீட்டு ஃப்ரீசரில் மெல்ல உறைந்து உருகிய மீன், சட்டியில் போட்டதும் உதிர்வதும் இதே காரணத்தால்தான்.

ஆலைகளில் பழங்களைத் தனித்தனியாக, வேகமாக உறைய வைக்கிறார்கள். வீட்டு ஃப்ரீசரால் அந்த வேகத்தை எட்ட முடியாது.

கடையில் பொட்டலத்தை எப்படிப் பார்த்து வாங்குவது?

குலுக்கிப் பாருங்கள். பழங்கள் கூழாங்கல் போலத் தனித்தனியே உருள வேண்டும். ஒரே கட்டியாக இருந்தால் வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். உள்ளே பனித்தூள் அதிகம் இருந்தாலும் வேண்டாம். சேர்க்கைப் பொருள் பட்டியலில் ஸ்ட்ராபெரி மட்டும் இருப்பதையே எடுங்கள். சீனி கலந்ததாக இருந்தால் உங்கள் அளவுகள் எல்லாம் மாறிவிடும். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண்ணும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மற்றப் பொருள்களை எல்லாம் வாங்கி முடித்துவிட்டுக் கடைசியாக இதை எடுங்கள். நாகர்கோவிலில் வாங்கி பஸ்ஸில் குலசேகரமோ அருமனையோ போகிறவர்கள் ஒரு சிறிய தெர்மாகோல் பெட்டி கொண்டுபோவது நல்லது. பெட்டி இல்லையென்றால் நாலைந்து செய்தித்தாள்களில் இறுக்கிச் சுற்றிப் பையின் நடுவில் வையுங்கள். வீடு சேரும்போது பழம் இளகியிருந்தால் மீண்டும் உறைய வைக்க முயலாமல் அன்றைக்கே ஜாமோ சாஸோ செய்துவிடுங்கள்.

கழுவ வேண்டுமா? அப்படியே மிக்சியில் அடித்துக் குடிக்கலாமா?

உறைந்த பழத்தைக் கழுவினால் மேற்பகுதி உருகிச் சாறு போகுமே தவிர, பெரிய பயன் கிடையாது. ஆனால் உறைதல் கிருமிகளைக் கொல்வதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உறைந்த ஸ்ட்ராபெரி வழியாக ஹெபடைட்டிஸ் ஏ என்னும் மஞ்சள் காமாலை பரவிய நிகழ்வுகள் அமெரிக்காவில் 2016இலும் 2023இலும் பதிவாகியுள்ளன. அந்த வைரஸ் உறைநிலையில் பத்திரமாக உயிர்த்திருக்கும். 85 டிகிரி செல்சியசில் ஒரு நிமிடம் சூடானால் அழியும்.

எனவே கேக், ஜாம், கொதித்த சாஸ் ஆகியவற்றில் கவலை இல்லை. குளிர்ச்சியாக அடித்துக் குடிக்கும் பானம் என்றால், குறிப்பாகக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் கொடுப்பது என்றால், பழத்தை முதலில் இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, குளிரவைத்துப் பயன்படுத்துங்கள். சுவையில் சிறிய மாறுதல் வரும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சமைக்கும் முன் உருக்க வேண்டுமா, வேண்டாமா?

மாவுக்குள் போவதாக இருந்தால் உருக்காதீர்கள். அடுப்பில் கொதிக்கப் போவதாக இருந்தாலும் உருக்கத் தேவையில்லை, அப்படியே பாத்திரத்தில் போடலாம். சாற்றையும் பழத்தையும் பிரித்துப் பயன்படுத்த நினைத்தால் மட்டும் உருக்குங்கள். அதையும் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், கிண்ணத்தின் மேல் வடிகட்டி வைத்து, இரவு முழுவதும் விடுங்கள். நம் ஊர் வெயிலில் சமையல் மேடையில் வைத்து உருக்க வேண்டாம்.

இன்னொன்று: அளவை எப்போதும் எடைக்கணக்கில் எடுங்கள். ஒரு கப் உறைந்த பழமும் ஒரு கப் உருகிய பழமும் ஒன்றல்ல.

கேக்கில் சேர்த்தால் நடுப்பகுதி வேகாமல் பிசுபிசுவென்று நிற்கிறதே?

அதிகம் வரும் கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் காரணம், பழத்தின் அளவு. 250 கிராம் மைதாவுக்கு 200 கிராம் பழம் போதும். ஆசைப்பட்டு 400 கிராம் போட்டால் எந்த ஓவனாலும் அந்தத் தண்ணீரைச் சமாளிக்க முடியாது. இரண்டாவது, பழத்தின் உருவம். முழுப் பழம் விழுந்த இடத்தில் எல்லாம் ஒரு ஈரக்குழி உருவாகும். உறைந்த நிலையிலேயே கூர்மையான கத்தியால் நான்காக நறுக்குங்கள். கல்லாக இருந்தால் ஐந்து நிமிடம் வெளியே வைத்தால் கத்தி இறங்கும்.

மூன்றாவது காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. உறைந்த துண்டுகள் வெண்ணெய் சேர்த்த மாவில் பட்டதும் வெண்ணெய் இறுகி மாவு கெட்டியாகிறது. கெட்டியாகிவிட்டதே என்று பயந்து பால் ஊற்றிக் கிளறுகிறார்கள். அந்தப் பாலும் கிளறலும் சேர்ந்துதான் கேக்கைக் கெடுக்கின்றன. கெட்டியாகட்டும், விட்டுவிடுங்கள். ஓவனின் சூட்டில் வெண்ணெய் தானாக இளகும்.

நம்பிச் செய்யக்கூடிய அளவு இது. 250 கிராம் மைதா, இரண்டரை தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு மூன்றையும் சலித்துக்கொள்ளுங்கள். 150 கிராம் வெண்ணெயையும் 180 கிராம் பொடித்த சீனியையும் வெளுக்கும் வரை அடித்து, மூன்று முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். மாவையும் 80 மில்லி பாலையும் மாறி மாறிக் கலக்குங்கள். எல்லாம் முடிந்து, ஓவன் 180 டிகிரியில் சூடேறித் தயாரான பிறகுதான் ஃப்ரீசரைத் திறக்க வேண்டும். நறுக்கிய துண்டுகளை ஒரு மேசைக்கரண்டி மைதாவில் புரட்டி, அகலமான கரண்டியால் ஐந்தாறு முறை மட்டும் மடித்துக் கலந்து, உடனே ஓவனில் வையுங்கள். சில துண்டுகளைக் கலக்காமல் எடுத்துவைத்து மேலே தூவினால் பார்வைக்கும் நன்றாக இருக்கும்.

உறைந்த பழம் மாவைக் குளிரவைப்பதால் வழக்கமான நேரத்தைவிடப் பத்து, பதினைந்து நிமிடம் கூடுதலாகும். மேற்புறம் சீக்கிரம் சிவந்தால் 170க்குக் குறைத்து, ஃபாயில் தாளால் மூடுங்கள். குச்சியைப் பழத்தில் குத்தாமல் மாவுப்பகுதியில் குத்திப் பாருங்கள்.

இந்தக் கேக்கை முதல் நாள் வெளியே வைக்கலாம். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இரண்டாம் நாளே பூஞ்சை பிடிக்க வாய்ப்பு உண்டு என்பதால் அதன் பிறகு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கேக்கை வெட்டினால் பழத்தைச் சுற்றி நீலமாகவோ சாம்பலாகவோ இருக்கிறது. கெட்டுவிட்டதா?

இல்லை. ஸ்ட்ராபெரியின் சிவப்பு, ஆந்தோசயனின் என்னும் நிறமியால் வருகிறது. அது புளிப்பில் சிவப்பாக இருக்கும், காரத்தன்மை கூடினால் ஊதாவுக்கும் நீலத்துக்கும் மாறும். மாவில் ஆப்பச் சோடா அதிகமானால் இப்படி ஆகிறது. சோடாவைக் குறைத்து பேக்கிங் பவுடரை நம்புங்கள். சோடா கட்டாயம் என்றால் பாலுக்குப் பதில் புளித்த மோரைச் சேர்த்துச் சமன்செய்யுங்கள்.

பாத்திரமும் முக்கியம். இரும்புச் சட்டியிலும் அலுமினியத்திலும் ஸ்ட்ராபெரியைக் கொதிக்க வைத்தால் நிறம் மங்கி, உலோக வாடை ஏறும். அடி கனத்த எவர்சில்வர் பாத்திரமே சரி.

செயற்கை நிறம் சேர்க்காமல் இளஞ்சிவப்பு கேக் வருமா?

கடைக் கேக்கின் அந்தப் பளிச்சென்ற நிறம் வராது. ஆந்தோசயனின் சூட்டிலும் மங்கும். ஆனால் மணமும் சுவையும் முழுதாக வர ஒரு வழி இருக்கிறது. 300 கிராம் பழத்தைக் கொதிக்கவைத்து, அரைத்து, வடிகட்டி, சிறுதீயில் மூன்றில் ஒரு பங்காகச் சுண்டும் வரை கிளறுங்கள். அந்தக் கெட்டி விழுதை ஆறவைத்து, மாவிலும் மேலே பூசும் வெண்ணெய்க் கிரீமிலும் சேருங்கள். கிரீம் சூடு காணாததால் அதில் நிறம் அழகாக நிற்கும். குழந்தைகளின் பிறந்தநாளுக்குச் சிவப்புச் சாயத்தைக் கொட்டுவதைவிட இந்த மங்கிய ரோஜா நிறம் எவ்வளவோ மேல்.

ஓவன் இல்லை. குக்கரில் செய்யலாமா?

செய்யலாம். ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்போ மணலோ பரப்பி, மேலே ஸ்டாண்ட் வைத்து வழக்கம்போலச் செய்யுங்கள். பழத்தின் அளவை மட்டும் 120 கிராமாகக் குறையுங்கள். குக்கருக்குள் ஆவி தங்கும், மேற்புறம் ஓவனில்போல உலராது.

கிரீம் கேக்கின் நடுவில் வைத்தால் சாறு வடிந்து கிரீம் கலைகிறது. என்ன செய்வது?

உருகிய பழத்தை நேரடியாக வைக்கக் கூடாது, அவ்வளவுதான். அதை ஒரு கெட்டிச் சாஸாக்கி வையுங்கள். அரைக் கிலோ பழம், 100 கிராம் சீனி, ஒரு எலுமிச்சையின் சாறு, இரண்டு கிராம்பு ஆகியவற்றை எட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஒன்றரை மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து ஊற்றி, பளபளப்பு வரும் வரை இரண்டு நிமிடம் கிளறி இறக்குங்கள். கிராம்பை எடுத்துவிட்டு, முழுவதும் குளிர்ந்த பின்பே கிரீமின் அருகில் கொண்டுபோகவேண்டும்.

கிராம்பைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் மாவட்டத்து மலைத்தோட்டங்களில் விளையும் கன்னியாகுமரி கிராம்பு புவிசார் குறியீடு பெற்றது. அதன் காரமான மணம் ஸ்ட்ராபெரியோடு வெகு அழகாகச் சேர்கிறது. இரண்டுக்கு மேல் போட்டால் மருந்து வாடை வந்துவிடும். நாலைந்து மிளகைத் தட்டிப் போடுவதும் நன்று. வெனிலா எசன்ஸ் எல்லா வீட்டிலும் இருக்கிறது என்பதற்காகவே எல்லாவற்றிலும் ஊற்ற வேண்டியதில்லை.

தேன் சேர்க்க விரும்புகிறவர்கள் அடுப்பை அணைத்து, கொஞ்சம் ஆறிய பிறகு கலக்குங்கள்.

ஜாம் எவ்வளவு நேரம் கொதித்தாலும் இறுகவில்லையே?

ஸ்ட்ராபெரியில் பெக்டின் இயல்பாகவே குறைவு. ஜாமை இறுக வைப்பது அதுதான். உறைந்து உருகும்போது அதில் இன்னும் கொஞ்சம் குறைந்துவிடுகிறது. எனவே ஜாமுக்குப் பழத்தை முன்கூட்டி உருக்கி வைக்காதீர்கள். உறைந்தபடியே சீனியோடு பாத்திரத்தில் போட்டுச் சூடேற்றுங்கள்.

ஒரு கிலோ பழத்துக்கு 750 கிராம் சீனி, இரண்டு எலுமிச்சையின் சாறு. அகலமான பாத்திரம் வேண்டும். குறுகிய, ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் சுண்ட நேரமாகும், அதற்குள் நிறமும் மணமும் போய்விடும். முதலில் சிறுதீயில் சீனி கரையட்டும். பிறகு தீயைக் கூட்டி வேகமாகக் கொதிக்கவிடுங்கள். சமையல் வெப்பமானி இருந்தால் 104, 105 டிகிரியில் நிறுத்தலாம். இல்லாதவர்கள் ஒரு சிறிய தட்டை ஃப்ரீசரில் வைத்திருந்து, அதில் ஒரு துளி ஜாமை விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளிப் பாருங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் பதம் சரி. நுரை அதிகம் வந்தால் கால் தேக்கரண்டி வெண்ணெய் போதும், அடங்கிவிடும்.

கடைப் பெக்டின் வேண்டாம் என்றால் கொய்யா இருக்கிறது. செங்காயாக இருக்கும் கொய்யா இரண்டை நறுக்கி, மூழ்கும் அளவு தண்ணீரில் வேகவைத்து, பிழியாமல் வடித்த நீரை ஜாமில் சேருங்கள். கொய்யாவில் பெக்டின் நிறைய உண்டு. மணம் ஸ்ட்ராபெரியை மறைக்காது.

சீனியைப் பாதியாகக் குறைத்துச் செய்கிறவர்கள் அது தளர்வாகத்தான் வரும் என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். சீனி இனிப்புக்கு மட்டுமல்ல, இறுகுவதற்கும் கெடாமல் இருப்பதற்கும் அதுவே காவல். குறைந்த சீனி ஜாமை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். எந்த ஜாமானாலும் கொதிநீரில் போட்டெடுத்து உலர்த்திய கண்ணாடி பாட்டில், ஈரமில்லாத கரண்டி.

பாலில் சேர்த்தால் திரிகிறது. பாயசத்தில் போடவே முடியாதா?

ஸ்ட்ராபெரி புளிப்புப் பழம், சூடான பாலோடு சேர்ந்தால் திரியத்தான் செய்யும். பாலும் பழச்சாஸும் இரண்டுமே நன்றாகக் குளிர்ந்த பிறகு, பரிமாறும் நேரத்தில் கலக்குங்கள். ஜவ்வரிசிப் பாயசத்தைத் தேங்காய்ப்பாலில் செய்து குளிரவைத்து, மேலே ஒரு கரண்டி சாஸ் விட்டுக் கொடுப்பது எனக்கு மிகவும் பிடித்த முறை. சூடான அடைப்பிரதமனில் மட்டும் இதைச் சேர்க்க வேண்டாம். வெல்லத்தின் சுவையும் ஸ்ட்ராபெரியின் புளிப்பும் ஒன்றையொன்று கெடுக்கின்றன.

நம் ஊர்ப் பழங்களில் எது இதோடு சேரும்?

மட்டி வாழைப்பழம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கன்னியாகுமரி மட்டியின் இனிப்பும் மணமும் ஸ்ட்ராபெரியின் புளிப்பைச் சரியாகத் தாங்குகின்றன. நான்கு மட்டி, கொதிக்கவைத்துக் குளிரவைத்த 150 கிராம் ஸ்ட்ராபெரி, ஒரு கப் கெட்டித் தயிர், அடித்தால் முடிந்தது. சீனி தேவைப்படாது. அன்னாசியும் சேரும். ஆனால் இரண்டும் புளிப்பானவை, சீனி கூடும்.

புட்டுக்குத் தொட்டுக்கொள்ள ஸ்ட்ராபெரிச் சாஸ் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். ஆப்பத்துக்கு நன்றாக இருக்கிறது, அதன் லேசான புளிப்போடு ஒத்துப்போகிறது. புட்டுக்கு வாழைப்பழம்தான் சரி, அதை மாற்ற வேண்டாம். கருப்பட்டியைச் சாஸில் போட்டால் நிறம் கறுத்து, கருப்பட்டிச் சுவை மட்டுமே மிஞ்சும். ஆனால் மைதா, வெண்ணெய், கருப்பட்டித் தூள், நறுக்கிய முந்திரி நான்கையும் பிசிறி, தட்டில் பரப்பிய பழத்தின் மேல் தூவி ஓவனில் மொறுமொறுப்பாக எடுத்தால், அங்கே கருப்பட்டிதான் அரசன். பழத்தில் முதலில் ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரைப் புரட்டிக்கொள்ளுங்கள், சாறு கெட்டிப்படும்.

கிறிஸ்துமஸ் பிளம் கேக்கில் சேர்க்கலாமா?

வேண்டாம். பிளம் கேக் வாரக்கணக்கில் இருக்க வேண்டியது. உறைந்த பழத்தின் ஈரம் அந்த ஆயுளைக் கெடுத்துவிடும்.

கடல்பாசியில் இறுக வைக்கலாமா?

நன்றாக வரும். கடல்பாசியைத் தண்ணீரில் தனியாகக் கொதிக்கவைத்து முழுவதும் கரைத்த பிறகு, வெதுவெதுப்பான பழவிழுதை அதில் சேருங்கள். பழத்தோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் புளிப்பால் இறுகும் தன்மை குறையும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த விழுதை ஊற்றினால் ஊற்றிய இடத்திலேயே கட்டிகட்டியாகிவிடும். ஜெலட்டினும் இதோடு இறுகும். பச்சை அன்னாசியைப் போல ஜெலட்டினைக் கரைக்கும் நொதி ஸ்ட்ராபெரியில் இல்லை.

மின்சாரம் போய்விட்டால் ஃப்ரீசரில் இருப்பதை என்ன செய்வது?

திறக்காதீர்கள். நிறைந்த தனி ஃப்ரீசர் மூடியே இருந்தால் இரண்டு நாள் வரை குளிரைக் காக்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். ஃபிரிட்ஜின் மேலறையில் உள்ள சிறிய ஃப்ரீசர் அவ்வளவு தாங்காது. 2017 நவம்பர் இறுதியில் ஓகி புயல் அடித்தபோது மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் எதையும் காப்பாற்ற நினைக்க வேண்டாம். சில மணி நேரத் தடை என்றால், பழத்தில் பனிப்படிகங்கள் இன்னும் இருக்கும்வரை மீண்டும் உறைய வைக்கலாம். அதன் பிறகு அது ஜாமுக்கும் சாஸுக்கும் மட்டும் உரியது. முழுவதும் உருகி, வெதுவெதுப்பாகி, புளித்த வாடை வந்துவிட்டால் எறிந்துவிடுங்கள்.

ஊட்டியிலிருந்து வாங்கிவந்த புதிய பழத்தை வீட்டில் உறைய வைப்பது எப்படி?

கழுவி, துணியில் உருட்டி, முழுவதும் உலரவிட்டு, அதன் பிறகு காம்பைக் கிள்ளுங்கள். முதலில் காம்பைக் கிள்ளிவிட்டுக் கழுவினால் தண்ணீர் உள்ளே ஏறிவிடும். தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஓர் இரவு உறைய வைத்து, மறுநாள் காற்றை வெளியேற்றிய பையில் போடுங்கள். மீன் வைக்கும் ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு பையாகப் போட்டு மூட வேண்டும், வாடையை எளிதில் இழுக்கும். அடிக்கடி திறந்து மூடும் வீட்டு ஃப்ரீசரில் மூன்று மாதத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

வடித்த சாற்றைக் கொட்டிவிடவா?

கொட்டாதீர்கள். பழத்தின் நிறமும் மணமும் பெருமளவு அதில்தான் இருக்கின்றன. சம அளவு சீனி சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவைத்தால் நல்ல சிரப். கேக் அடுக்குகளின் மேல் தெளிக்கலாம், எலுமிச்சை ஜூசில் இரண்டு கரண்டி விடலாம். உடனே தேவையில்லையென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துவிட்டு, வேண்டும்போது ஒவ்வொரு கட்டியாக எடுத்துக்கொள்ளுங்கள்.